பல மரம் கண்ட தச்சன்

என் குரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது தஞ்சாவூரில், பெரிய கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வீணைகளுக்கு மேளம் கட்டுகிறார். தண்டியின் இரு ஓரமும் கறுப்பு மெழுகால் வரப்பு எடுத்து, அதன்மேல் 24 மெட்டுகளையும் சுருதி பிசகாமல் பதிக்கிற வேலைக்கு மேளம் கட்டுவது என்று பெயர். வெயிலிலும் வாசிப்பிலும் மெழுகு நாளடைவில் இளகி மெட்டுகள் இடம் மாறும். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி கட்டவேண்டும். மாதம் ஒருமுறை நான் சென்னையிலிருந்து வெள்ளி இரவு ரயிலில் கிளம்பி, சனிக்கிழமை விடிந்ததும் அவர் வாசலில் நிற்பேன். போன மாதம் அங்கே நடந்த பேச்சைத் திரும்பும் வழியிலேயே, மறப்பதற்குள், எழுதி வைத்தேன்.

சீடன்: ஐயா, இந்த முறை ஒரு மனக்குறையோடு வந்திருக்கிறேன்.

குரு: அந்த மெழுகுச் சட்டியை இப்படி நகர்த்திவிட்டுச் சொல், தம்பி. ஆறிப்போனால் மறுபடி காய்ச்சவேண்டும்.

சீடன்: அலுவலகத்தில் ஆண்டு மதிப்பீடு நடந்தது. மேலாளர் நல்ல மனிதர். "உனக்கு நிரல் எழுத வரும், புள்ளியியல் வரும், விடுமுறையில் கல்வெட்டு படிக்கப் போகிறாய், வீணை பழகுகிறாய். இதில் நீ யார்?" என்று கேட்டார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடச் சொன்னார். வீட்டில் அப்பா அதையே பழமொழியாகச் சொல்கிறார்: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்.

குரு: நல்ல பழமொழி. உன் மடியில் கிடக்கிறதே, இந்தக் குடம், இது பண்ருட்டிப் பலா. இதைக் கடைந்த ஆசாரியோடு நான் ஒருமுறை தோப்புக்குப் போயிருக்கிறேன். காலையிலிருந்து மரம் மரமாகத் தட்டிப் பார்த்தார். கணு எங்கே, ஈரம் எவ்வளவு, வைரம் ஏறியிருக்கிறதா என்று. வெயில் உச்சிக்கு வந்தபிறகு ஒன்றைக் காட்டினார். பல மரம் பார்த்ததால்தான் அந்த ஒன்றை அவரால் காட்ட முடிந்தது. பழமொழியில் வருகிற தச்சன் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். அவன் தவறு அங்கே இருக்கிறது. உன் அப்பா பயப்படுவதும் அதற்காகத்தான். அந்தப் பயத்தைத் தள்ளிவிடாதே.

சீடன்: நான் வெறுங்கையோடு திரும்புகிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குரு: கல்வெட்டு எதற்குப் படிக்கிறாய்?

சீடன்: பிடித்திருக்கிறது.

குரு: பிடித்திருப்பது வாசல். உள்ளே போனபிறகு எதைத் தேடுகிறாய்? கல்வெட்டில் உனக்கு என்ன தெரியவேண்டும்? உன் புள்ளியியலுக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கிறதா? இதை நீ உன்னிடம் கேட்டிருக்கிறாயா?

சீடன்: இல்லை, ஐயா.

குரு: அப்படியானால் கோசாம்பியைப் பற்றிச் சொல்கிறேன். கேள்விப்பட்டிருப்பாய்.

சீடன்: வரலாற்றறிஞர் டி. டி. கோசாம்பி. இந்திய வரலாறு பற்றி 1956-இல் வந்த அவருடைய நூலைக் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

குரு: அவர் சம்பளம் வாங்கியது கணிதத்துக்கு. புணேயில் கல்லூரிக் கணித ஆசிரியர். பிறகு 1945 முதல் 1962 வரை பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கணிதப் பேராசிரியர். வீடு புணேயில்தான். டெக்கான் குவீன் ரயிலில் போய்வருவார். கணித ஆசிரியராக இருந்த நாளிலேயே தட்சசீலத்தில் புதையலாகக் கிடைத்த முத்திரைக் காசுகள் அவர் கைக்கு வந்தன. பார்த்திருக்கிறாயா முத்திரைக் காசு? வெள்ளித் தகட்டை வெட்டி, சூரியன், மலை, விலங்கு என்று ஐந்து சின்னங்களை முன்பக்கத்தில் குத்தியிருப்பார்கள். ராஜா பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது, ஓர் எழுத்துகூடக் கிடையாது. எது முந்தியது, எது பிந்தியது? சின்னங்களை வைத்து அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோசாம்பி தராசை எடுத்தார்.

சீடன்: எடைபோட்டால் காசின் வயது தெரிந்துவிடுமா?

குரு: உன் சட்டைப்பையில் சில்லறை இருந்தால் எடு. ஒரே மாதிரிக் காசு இரண்டு. ம், இது நேற்று வங்கியிலிருந்து வந்ததுபோல இருக்கிறது, இது பல கை பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவு. தெரிகிறதா?

சீடன்: பழையது வழவழவென்று இருக்கிறது.

குரு: கைமாறும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத துளி வெள்ளி போகிறது. ஒரு காசை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அது ஒரு கஞ்சனிடமே கிடந்திருக்கலாம். ஒரே சின்னக் கூட்டம் உள்ள காசுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டால் சராசரி பேசும். எவ்வளவு நாள் புழங்கியதோ அவ்வளவு சராசரி இறங்கும். காசுக்குக் காசு எடை வேறுபாடும் கூடும். இப்போது புதையலை நினைத்துப் பார். எல்லாக் காசும் ஒரே நாளில் பானைக்குள் போய் மண்ணுக்குள் புதைந்தன. எல்லாக் கடிகாரமும் ஒரே நொடியில் நின்றதுபோல. ஆகவே எடை இறங்கிய கூட்டம் முந்தியது, இறங்காத கூட்டம் பிந்தியது. இதை நம்பலாமா என்று பார்க்கத் தன் காலத்துக் காசுகளையும் வாங்கி எடைபோட்டார், தம்பி! அந்தக் காசுகளில் ஆண்டு அச்சிட்டிருக்கும், இல்லையா? முறை சரியாக வருகிறதா என்று அதில் சோதித்துக்கொள்ளலாம். 1941-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

சீடன்: புள்ளியியல் படித்தவர்கள் அன்றும் நிறைய இருந்திருப்பார்கள்.

குரு: காசு அறிந்தவர்களும் இருந்தார்கள். தராசும் ஊரெல்லாம் இருந்தது. அந்தக் காசைக் கையில் வாங்கியபோது "இது தேய்ந்திருக்கிறது" என்று உணர்ந்த விரலும், "தேய்மானத்துக்கு ஒரு கணக்கு உண்டு" என்று எழுந்த நினைப்பும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டியிருந்தது. கோசாம்பிக்குக் கணிதம் தெரியும், நாணயவியல் தெரியும், சமஸ்கிருதம் தெரியும் என்று பட்டியல் போடுவார்கள். பட்டியல் சரிதான். ஆனால் அவருக்குள்ளே ஓடியது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: யாரும் எழுதிவைக்காத வரலாற்றை எதை வைத்து அறிவது? அந்தக் கேள்வி தராசு கேட்டது, எடைபோட்டார். சுவடி கேட்டது, நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு பர்த்ருஹரியின் சதகங்களை 1948-இல் பதிப்பித்தார். கல் கேட்டது, புணேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்து நடந்து சின்னச் சின்னக் கற்கருவிகளைப் பொறுக்கினார். கேள்வி போன வழியில் வேலி குறுக்கிட்டபோது அவர் வேலியைத் தாண்டினார். என்னைக் கேட்டால், பல்துறை அறிவு வருகிற வழியே அதுதான். நான்கு துறையைப் படிப்பேன் என்று நேர்ந்துகொண்டு யாரும் அப்படி ஆனதில்லை.

சீடன்: அவர் மேதை, ஐயா. என்னை அவரோடு வைக்க முடியுமா? அதோடு அது வேறு காலம். இன்று ஒவ்வொரு துறையும் கடல். ஒரு துறையின் ஒரு மூலையில் ஒரு மாதம் வெளியாகும் கட்டுரைகளைப் படிக்கவே ஓர் ஆயுள் போதாது.

குரு: உண்மை. இதை நான் மறுக்கப்போவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அந்த மருத்துவருக்கு வீணை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஆயிரம் கண்ணைத் திறந்து பார்த்த கை என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒன்றில் ஆழம் இல்லாதவன் பலவற்றில் அகலம் பேசினால் அவனிடம் எச்சரிக்கையாக இரு. கோசாம்பிக்கும் காலடியில் ஒரு பாறை இருந்தது. கணிதம். அதில் நின்றுகொண்டுதான் மற்ற இடத்துக்குக் கை நீட்டினார்.

சீடன்: அப்படியென்றால் ஆளுக்கொரு துறையில் ஆழமாக இருக்கட்டும், பத்துப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் போதாதா? இன்று எல்லா நிறுவனமும் அப்படித்தான் செய்கிறது.

குரு: பத்துப் பேரும் வேண்டும். போதுமா என்பதற்கு ஒரு கதை. இத்தாலியில் குபியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே ஒரு விரல் கனத்துக்குக் களிமண் பட்டை ஓடுகிறது. அதற்குக் கீழே டைனோசர் காலம், மேலே அவை இல்லாத காலம். வால்டர் அல்வாரெஸ் என்ற புவியியலாளருக்கு, இந்தக் களிமண் படிய எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று தெரியவேண்டியிருந்தது. அதைத் தன் அப்பாவிடம் கேட்டார். அப்பா லூயி அல்வாரெஸ், 1968-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். வானத்திலிருந்து விண்கல் தூசி சீராகப் பூமியில் விழுந்துகொண்டே இருக்கிறது, அதில் இரிடியம் உண்டு, பூமியின் மேலோட்டில் அது மிக அரிது. ஆகவே களிமண்ணில் உள்ள இரிடியத்தை அளந்தால் காலம் தெரியும் என்றார் அவர். மணல் கடிகாரம் மாதிரி. அணுக்கரு வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும் அளந்து கொடுத்தார்கள். வந்த அளவு எந்தக் கடிகாரத்துக்கும் பொருந்தவில்லை. சுற்றியுள்ள பாறையைப்போல முப்பது மடங்கு! சீரான தூசியால் அது வராது, பெரிய விண்கல் ஒன்று மோதியிருக்கவேண்டும் என்று நால்வரும் 1980-இல் எழுதினார்கள். மெக்சிகோவில் புதைந்திருந்த பள்ளம்தான் அது மோதிய இடம் என்று பத்துப் பதினொரு ஆண்டுக்குப் பிறகு தெரிந்தது.

சீடன்: இதுவும் கூட்டு முயற்சிதானே?

குரு: ஆமாம். ஆனால் அந்த அப்பாவைப் பார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை வைத்து எகிப்தில் காஃப்ரே பிரமிடுக்குள் மறைந்த அறை இருக்கிறதா என்று தேடியவர். அடுத்த வீட்டுக் கேள்வியைத் தன் வீட்டுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பழகியவர். மகன் ஒரு களிமண் கட்டியைக் காட்டியபோது "இது என் துறை இல்லை" என்று அவர் சொல்லவில்லை. பத்துப் பேர் உட்கார்ந்த அறையில் அப்படி ஒருவராவது இல்லையென்றால் பத்து உரைகள் நடக்கும், பேச்சு நடக்காது.

(இங்கே அவர் பேச்சை நிறுத்திவிட்டு, தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த கறுப்புக் குழம்பைக் கிளறினார். கம்பியில் எடுத்து ஒரு சொட்டை விரல்நகத்தில் விட்டுப் பார்த்தார். பதம் வரவில்லைபோலும், இன்னொரு துண்டு மெழுகு போட்டார்.)

சீடன்: எனக்கு உள்ளூர வேறொரு பயம் உண்டு, ஐயா. சொந்தத் துறையை விட்டு வெளியே போய்ப் பெரிய அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். லைனஸ் பாலிங் இரண்டு நோபல் வாங்கியவர்; வைட்டமின் சி பற்றி அவர் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்கவில்லை.

குரு: ஆம், 1970-இல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். புற்றுநோய்க்கும் அது உதவும் என்று பிறகு சொன்னார். மேயோ மருத்துவமனையில் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. அது ஒரு பாடம். இன்னொன்றையும் சேர்த்துப் பார். 1953-இல் அதே பாலிங் டி.என்.ஏ.வுக்கு மூன்று இழை உள்ள ஓர் அமைப்பை வெளியிட்டார். அது தவறு, அதிலும் அடிப்படை வேதியியலில் தவறு. வேதியியல் அவருடைய சொந்த வீடு! கோசாம்பியும் பிற்காலத்தில் ரீமன் கருதுகோளை நிறுவிவிட்டதாக வெளியிட்டார், கணிதர்கள் ஏற்கவில்லை. காசில் சறுக்காதவர் கணிதத்தில் சறுக்கினார். ஆகவே வேலி தாண்டியதால்தான் தவறு வருகிறது என்று சொல்லாதே. "நீ சொல்வது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் இல்லாத இடத்தில் தவறு வருகிறது, அல்லது ஆள் இருந்தும் அவர் சொல் காதில் ஏறாதபோது. சொந்தத் துறையில் அப்படிச் சொல்லக் கூட்டம் இருக்கும். புதுத் துறையில் நாமே தேடிப் போகவேண்டும்.

சீடன்: நீங்கள் தேடிப் போனீர்களா?

குரு: இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. முதல் நாள் ஆசாரியிடம் ஓர் அட்டவணையோடு போனேன். தண்டியின் முனையில் உள்ள மேருவிலிருந்து குடத்தின்மேல் உள்ள குதிரை வரை தந்தியின் நீளம் இவ்வளவு; பாதியில் பன்னிரண்டாவது மெட்டு, மேல் ஸட்ஜம்; மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்கும்படி ஏழாவது மெட்டு, பஞ்சமம். மில்லிமீட்டரில் கணக்கிட்டு எழுதியிருந்தேன். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். "நல்லா இருக்கு சார். ஆனா காகிதத்துல யாரும் தந்திய அழுத்தலையே" என்றார்.

சீடன்: புரியவில்லை, ஐயா.

குரு: எனக்கும் அன்று புரியவில்லை. தந்தி மெட்டுக்குமேல் கொஞ்சம் உயரத்தில் நிற்கிறது. விரல் அதை மெட்டில் படும்படி அழுத்தும்போது தந்தி நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறிவிடுகிறது. குதிரையை நெருங்க நெருங்க அழுத்தவேண்டிய ஆழம் அதிகம். ஆகவே ஒவ்வொரு மெட்டும் என் கணக்கிலிருந்து மேருப் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி உட்காரவேண்டும். எவ்வளவு தள்ளி என்பது தந்தியின் கனத்தையும் வாசிப்பவர் விரலையும் பொறுத்தது. இழுவிசை பற்றி வருடம் முழுக்கப் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை. அவர் வாசகத்தில் என் பாடமே இருந்தது. ஆறு மாதம் நான் பதித்த ஒவ்வொரு மெட்டையும் அவர் கேட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டுவார். நான் மெழுகை இளக்குவேன். அதற்குப் பிறகு வகுப்பில் தந்தி அதிர்வு சொல்லிக்கொடுத்தபோது நான் வேறு ஆசிரியராக இருந்தேன். ஒரு துறைக்குள் மாணவனாகக் குனிந்து போனால், திரும்பி வரும்போது பழைய துறையிலும் ஒரு கதவு திறந்திருக்கும்.

சீடன்: ஆனால் இன்று இதையெல்லாம் ஓர் இயந்திரத்திடம் கேட்டால் சொல்லிவிடுமே. எல்லாத் துறையையும் படித்து வைத்திருக்கிறது. பல்துறை அறிவு என்றால் இனி அதுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

குரு: நானும் கேட்டுப் பார்க்கிறேன், தம்பி. பல நேரம் நன்றாகவே சொல்கிறது. சுணங்காமல் கற்றுக்கொடுக்கும் துணை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். உனக்குத் தெரியாத துறையில் அது பிசகினால் நீ எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பது ஒன்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதனிடம் எதைக் கேட்பாய் என்பது. விபுலானந்தரை எடுத்துக்கொள்.

சீடன்: யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகள்.

குரு: 1892-இல் கிழக்கிலங்கையில் காரைதீவில் பிறந்தார், இயற்பெயர் மயில்வாகனம். அந்தப் பக்கத்து மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டால் அடியிலிருந்து இசைபோல ஓர் ஒலி வரும் என்பார்கள். பாடும் மீன் என்று பெயர். அதைக் கேட்டு வளர்ந்தவர். அறிவியல் படித்தார், லண்டன் பி.எஸ்சி. பட்டம். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்தார். 1924-இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். இப்போது உன் மேலாளர் அவரைப் பார்த்து "நீங்கள் யார்?" என்று கேட்டிருந்தால்?

சீடன்: பதில் சொல்லக் கஷ்டப்பட்டிருப்பார்.

குரு: சிலப்பதிகாரம் அரங்கேற்றுகாதையில் யாழ் வருகிறது. அடியார்க்குநல்லார் உரையில் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்கும் வருகிறது. பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக அதற்கு உரை சொல்லி வந்தார்கள். ஆனால் ஒரு யாழ்கூட மிஞ்சவில்லை. பார்த்தவர் இல்லை, கேட்டவர் இல்லை. புலவருக்கு அது ஒரு சொல். இயற்பியல் தெரிந்தவர்கள் அந்தக் காதையைத் திறந்ததே இல்லை. விபுலானந்தர் அந்த வரிகளைப் படித்தபோது, எனக்குத் தோன்றுகிறது, அவருக்குள் ஒரு வெறுமை கேட்டிருக்கும். இத்தனை நரம்பு என்றால் ஒவ்வொன்றும் எந்தச் சுருதியில் ஒலித்தது? என்ன நீளம்? நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள விகிதம் அவருக்குத் தெரியும். பழந்தமிழ் உரையின் நெளிவு சுளிவும் தெரியும். அந்தக் கேள்வியோடு பத்தாண்டுக்குமேல் கிடந்தார். உடல் நலிந்த நிலையில் முடித்தார். 1947 ஜூனில், இங்கே பக்கத்தில்தான், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அவர் கணக்கிட்டபடி செய்த கருவிகளை ஊர்வலமாக எடுத்து வந்து வாசித்தார்கள். அடுத்த மாதம் ஜூலை 19 அன்று அவர் மறைந்தார்.

சீடன்: ...

குரு: ஆற்றங்கரைக் கோயில் அது. எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பிராகாரத்தில் அந்த நரம்பு ஒலித்த நொடியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பயனைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லத் தெரியாமல் நிற்கும் இடம் அதுதான்.

சீடன்: அவர் கண்டது சரிதானா, ஐயா?

குரு: அதைக் கேட்டது நல்லது. இதே தஞ்சாவூரில் அவருக்கு முன்பே ஒருவர் இருந்தார். ஆபிரகாம் பண்டிதர், 1859-இல் பிறந்தவர். சித்த மருத்துவர், ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டு மூலிகை வளர்த்தார், வேளாண்மையில் சோதனை செய்தார். மருந்து விற்ற பணத்தை இசைக்குச் செலவிட்டார். 1912 முதல் தன் செலவிலேயே இங்கே இசை மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடா மாநாட்டுக்கே போய்த் தன் கணக்கை முன்வைத்தார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்', சொந்த அச்சகத்தில் அச்சிட்டது. அவரும் சிலப்பதிகாரத்தைத்தான் எடுத்தார், அவரும் கணக்குத்தான் போட்டார். ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதி என்றார். விபுலானந்தரின் கணக்கு 22-இல் போகிறது.

சீடன்: இரண்டு பேரும் பல்துறை அறிந்தவர்கள். இரண்டு விடை.

குரு: ஆமாம், இன்றைக்கும் இசையறிஞர்கள் அதைப் பேசுகிறார்கள். கவனி, பேச முடிகிறது! அதற்குமுன் "பழந்தமிழ் இசை உயர்ந்தது" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் "இல்லை" என்பார், அங்கேயே நின்றுவிடும். இந்த இருவரும் எண்ணாக எழுதிவிட்டுப் போனதால் இன்று நீயும் நானும் ஒரு தந்தியைக் கட்டி யார் எங்கே பிசகினார் என்று பார்க்கலாம். இயந்திரத்திடம் கேட்கலாம் என்றாயே, கேள். இந்த இருவரும் அந்தக் காதைக்குள் தேடிப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே உனக்குக் கிடைத்திருக்காது.

சீடன்: ஒன்று சொன்னால் கோபிக்கமாட்டீர்களே. பண்டிதருக்கு மருந்து வருமானம் இருந்தது. கோசாம்பிக்குப் பேராசிரியர் சம்பளம். அடிகளுக்கு மடம். எனக்குக் கல்விக் கடன் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் வரலாறும் சேர்த்துப் படிக்க ஆசைப்பட்டேன். என் பள்ளியில் அப்படி ஒரு குரூப் இல்லை. மார்க் இருக்கிறது, முதல் குரூப் எடு என்றார்கள். பதினைந்து வயதில் வெட்டிப் பிரித்துவிட்டு இருபத்தெட்டு வயதில் பலதுறை என்றால் எங்கே போவது?

குரு: கோபம் ஏன் வரும்? இதில் எனக்கும் உன் வருத்தம்தான். வகுப்பில் நல்ல பையன்கள் அப்படிக் காய்ந்துபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கவிதை எழுதுகிற பிள்ளையைக் கேலி செய்து நிறுத்தினார்கள். பூச்சி பிடித்துப் பார்க்கிற பிள்ளையை வணிகவியலில் போட்டார்கள். ஓய்வும் காசும் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற செல்வமாக இது ஆகிவிட்டால் அது நம் எல்லாருக்கும் இழப்பு. பள்ளிக்கூடத்தை நீயும் நானும் இன்று மாற்ற முடியாது. உன் கையில் என்ன நேரம் இருக்கிறது?

சீடன்: ஞாயிற்றுக்கிழமை காலை. பிறகு மாதம் ஒருமுறை இங்கே வரும் சனிக்கிழமை.

குரு: அதில் நான்கு வேலை செய்யாதே. உன் கல்வெட்டில் ஒரு கேள்வி எடு. கடினமானது வேண்டாம், உன்னை உறுத்துகிறது போதும். உனக்கு என்ன உறுத்துகிறது?

சீடன்: பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகளின் எடையை எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார்கள்! கழஞ்சு, மஞ்சாடி, குன்றிமணி என்று. ஒவ்வொரு முறை படிக்கும்போதும், அந்த எடை போட்ட தராசு எவ்வளவு நுணுக்கமானது என்று தோன்றும். பதிந்த எண்களை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ...

குரு: ஏன் நிறுத்திவிட்டாய்?

சீடன்: அது புள்ளியியல் கேள்வி, ஐயா. எந்தப் பின்னம் வரை எழுதியிருக்கிறார்கள், எங்கே முழு எண்ணாக்கினார்கள் என்று எண்களின் பரவலைப் பார்த்தால் ... ஆனால் அதற்குப் பழைய பின்ன வாய்பாடு தெரியவேண்டும். குன்றிமணி நிஜத்தில் எவ்வளவு மாறுபடும் என்று எடைபோட்டுப் பார்க்கவேண்டும். பொற்கொல்லர் யாரிடமாவது கேட்கவேண்டும்.

குரு: கேள். நகைக்கடைத் தெருவில் வயதான பத்தர் ஒருவரைத் தெரியும், அடுத்த முறை அழைத்துப் போகிறேன். உன் கணக்கைப் பார்த்து அவர் தலையை ஆட்டினால் திருத்திக்கொள். இப்போது இந்தப் பக்கம் வா. ஏழாவது மெட்டைப் பதித்துவிட்டேன். சாரணித் தந்தியை இங்கே அழுத்தி மீட்டு; கூடவே பக்கத் தந்திகளில் பஞ்சமத்தையும் தட்டு. இரண்டும் ஒன்றாகக் கேட்கவேண்டும்.

(மீட்டினேன். முதலில் ஒன்றாகத்தான் பட்டது. இரண்டாம் முறை காதைத் தண்டியருகே கொண்டுபோனேன். ஒலி அடங்கும்போது உள்ளே ஏதோ மெதுவாக ஏறி இறங்கியது, குளத்து நீர் படித்துறையில் மோதுவதுபோல.)

சீடன்: அலை அடிக்கிறது, ஐயா. மெட்டு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

குரு: எவ்வளவு?

சீடன்: ஒரு மயிரிழை. மேருப் பக்கம் தள்ளவேண்டும்.

குரு: அந்த இரும்புக் கம்பியைச் சூடு பண்ணு. மெழுகை நீயே இளக்கு.